இரண்டாவது கையெழுத்து

விமலன் டெங்குக் காய்ச்சலில் இறந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனுடைய நண்பன் பிரவின் இரண்டு தாள்களை எடுத்துக்கொண்டு, கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த விமலனின் அப்பா வீட்டுக்கு வந்தான். ஒன்றில் அப்பா நாகையா கையெழுத்துப் போட வேண்டும். மற்றதில் விமலனின் மனைவி ஷாமினி போட வேண்டும்.

ஷாமினி கிள்ளானில் தனியாக இருந்தாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் சரக்குப் பத்திரங்கள் தயாரிக்கும் வேலை. ஞாயிறானால் மீன்குழம்பு வைத்து, கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலேறி, மாமனாரைப் பார்க்க வந்துவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து விமலனோடு வந்து பழகிய வழி. அவன் போன பிறகும் கால் தானாக வந்தது. பிரவினும் அவ்வப்போது வருவான். வந்தால் மூன்று பேரும் விமலனைப் பற்றித்தான் பேசுவார்கள். கல்லூரிக் காலத்துக் கதைகள் பிரவினிடம்தான் இருந்தன. கேட்ட கதையையே நாகையா மறுபடியும் சொல்லச் சொல்வார்.

அன்றைக்குப் பிரவின் கதை எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்து, ஷாமினி மேசையைத் துடைக்கும்வரை காத்திருந்தான்.

"அங்கிள், நம்ம மெரந்தி விஷயமாத்தான் வந்தேன்" என்றான்.

மெரந்தி என்பது ஒரு டேட்டாபேஸ். கடைகளும் கிளினிக்குகளும் கம்பெனிகளும் தங்கள் கணக்குவழக்குகளைப் போட்டு வைக்கும் மென்பொருள். யாரும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வெவ்வேறு நாடுகளில் இருந்த முப்பது நாற்பது பேர் சேர்ந்து, சம்பளமில்லாமல், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் எழுதியது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம். மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதையும் அதே மாதிரி திறந்து கொடுக்க வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான். திடீரென்று மின்சாரம் போனாலும் உள்ளே இருக்கும் தகவல் சிதையாமல் மீண்டு வருவதற்கான பகுதியை விமலன் எழுதினான். நாலு வருஷ உழைப்பு.

பிறகு சிங்கப்பூரில் ஒரு கம்பெனி மெரந்தியைத் தன் வியாபார மென்பொருளுக்குள் வைத்து விற்கத் தொடங்கியது. எழுதியவர்களில் சிலரைச் சம்பளத்துக்கும் எடுத்துக்கொண்டது. பிரவின் அதில் ஒருவன். கோலாலம்பூர் அலுவலகத்தில் இப்போது அவனுக்குக் கீழே பத்துப் பேர்.

"பெரிய கிளவுட் கம்பெனிங்க இருக்குல்ல, அங்கிள்? அவங்க மெரந்திய எடுத்து, யார் கையிலயும் கொடுக்காம, தங்க கம்ப்யூட்டர்லயே வச்சு வாடகைக்கு விட்டு சம்பாதிக்கறாங்க. அவங்க மாத்தி எழுதினதுல ஒரு வரி கூட திருப்பித் தர்றதில்ல. நாங்க எழுதறோம், அவங்க விக்கறாங்க. இப்படியே போனா எங்க ஆபீஸ மூடணும். அதனால லைசன்ஸ மாத்தப் போறோம். படிக்கலாம், பார்க்கலாம். ஆனா விக்கறதா இருந்தா எங்ககிட்ட அனுமதி வாங்கணும்."

"அதுக்கு நான் எதுக்குப்பா?"

"முன்னால எழுதினவங்க எல்லாரும் சம்மதிச்சாத்தான் மாத்த முடியும். அவங்கவங்க எழுதினது அவங்கவங்க சொத்து. விமலனோடது இப்ப சட்டப்படி பாதி உங்களுக்கு, பாதி ஷாமினிக்கு."

நாகையா தாளைக் கையில் எடுத்தார். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவும் அதே வேலைதான் பார்த்தார். மகன் சாயங்காலமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்ன செய்தான் என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. காசு வராத வேலை என்பது மட்டும் தெரியும்.

"அப்ப அவன் செஞ்சது பெரிய சாமான்தான்னு சொல்லு."

"ரொம்பப் பெரிய சாமான் அங்கிள். அவன் பகுதி இல்லாட்டி எங்க சரக்க ஒரு பேங்க் கூட வாங்காது."

"அவன் பேரு இருக்குமா?"

"இருக்கும். நன்றிப் பக்கத்துல போடறோம். நான் கேட்டு வாங்கிட்டேன்."

கம்பெனி ஏதோ தொகை தருவதாகவும் பிரவின் சொன்னான். அதை நாகையா காதில் வாங்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நான் வேலை செஞ்ச காலத்துல சம்பளத்துக்குத்தான் கையெழுத்து கேப்பாங்க. எம் பையனால சிங்கப்பூர் கம்பெனி என் கையெழுத்துக்கு ஆள் அனுப்புது பாரு" என்றார். பேனாவைப் பிடித்தவர், நிமிர்ந்து பிரவினைப் பார்த்தார். "அவன் இருந்திருந்தா என்னப்பா சொல்லியிருப்பான்?"

"சரின்னுதான் சொல்லியிருப்பான் அங்கிள்."

ஷாமினி மேசை துடைத்த துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். பிரவின் அவள் பக்கம் பார்க்கவில்லை. நாகையா தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, மை காயட்டும் என்று ஊதினார்.

"நீயும் போடும்மா."

"நான் வீட்டுக்குக் கொண்டுபோய் படிச்சுட்டுப் போடறேன் மாமா" என்றாள் அவள்.

சரக்குப் பத்திரம் பார்க்கிறவள், படிக்காமல் போட மாட்டாள் என்று நாகையா சிரித்தார். பிரவின் சிரிக்கவில்லை.

படிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. இதே பேச்சு கிள்ளானில் அவள் வீட்டுக் கூடத்தில் ஒருமுறை நடந்திருக்கிறது. விமலன் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு பிரவின் சாப்பிட வந்திருந்தான். அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கம்பெனி இப்படி யோசிக்கிறது, நீ சம்மதிப்பாயா என்று பிரவின் கேட்டது அடுப்படிக்குக் கேட்டது.

"மாட்டேன்டா" என்றான் விமலன். "எழுதினப்பவே எல்லாரும் எடுத்துக்குங்கன்னு சொல்லித்தான் கொடுத்தேன். கொடுத்தத எப்படித் திருப்பி வாங்கறது?"

"உனக்கு என்னா, வேற வேலை இருக்கு. எனக்கு இதுதான் சோறு."

"அதுக்காக நான் சொன்ன சொல்ல மாத்தணுமா? உங்க கம்பெனிதானே நம்மள தேடி வந்துச்சு. அப்ப அந்த லைசன்ஸ் தெரியாமயா வந்தாங்க?"

குரல்கள் உயர்ந்தன. பிரவின் பாதித் தோசையில் எழுந்து போய்விட்டான். சில வாரங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு எப்படியோ சமாதானமானார்கள். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் மறுபடி எடுக்கவில்லை. விமலன் காய்ச்சலில் படுத்தபோது ரத்தத்துக்கு ஆள் தேடி பெட்டாலிங் ஜெயாவுக்கும் கிள்ளானுக்கும் அலைந்தவன் பிரவின்தான். பிணவறை வாசலில் நாகையாவைத் தாங்கிப் பிடித்தவனும் அவன்தான்.

ஷாமினிக்கு மெரந்தியின் மேல் அன்பு எதுவும் கிடையாது. அவளுடைய சாயங்காலங்களைத் தின்றது அது. ஒரு கல்யாண நாளன்று வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போன இடத்தில், எந்த நாட்டிலோ ஒரு மருந்துக்கடைக்காரனுக்கு டேட்டாபேஸ் திறக்கவில்லை என்று விமலன் சோற்றில் கை வைத்தபடியே பதில் தட்டிக்கொண்டிருந்தான். அவள் எழுந்து போய் காரில் உட்கார்ந்துகொண்டாள். "அவங்களுக்கெல்லாம் நீங்க யாரு? எனக்கு யாரு?" என்று கேட்டாள். அவன் மன்னிப்புக் கேட்டான். அடுத்த வாரமும் அதையேதான் செய்தான்.

அதனால் கையெழுத்துப் போட்டுத் தலைமுழுகிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். பேனாவை எடுத்து உட்கார்ந்தும் பார்த்தாள். 'விமலனின் வாரிசு என்ற முறையில், அவர் சார்பாகச் சம்மதிக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்குக் கீழே கை ஓடவில்லை. அவன் சம்மதிக்கவில்லை. அதை அவள் தன் காதால் கேட்டிருந்தாள்.

இரண்டு வாரம் பொறுத்து பிரவின் கிள்ளானுக்கே வந்தான். லிட்டில் இந்தியா கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. துணிக்கடைக்காரர்கள் நடைபாதையில் தொங்கவிட்ட சேலைகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் போட்டுட்டாங்க, ஷாமினி. உங்க ஒருத்தரோடதுதான் பாக்கி."

"மாமாகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"அவர் சரின்னு சொல்லியிருப்பார்னு."

பிரவின் தேநீர்க் கோப்பையை நகர்த்தினான். "சொல்லியிருப்பான்னுதான் நான் நம்பறேன். அன்னைக்கு அவன் கோவத்துல இருந்தான். அப்புறம் நெலமை எவ்வளவோ மாறிப்போச்சு. என் டீம்ல ரெண்டு பேர வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. அத அவன் பாத்திருந்தா மனசு மாறியிருக்கும்லா. மனுஷன் மாறக்கூடாதா?"

"மாறலாம். ஆனா அவர் மாறல."

"மாறறதுக்கு அவனுக்கு நேரம் கிடைக்கல, ஷாமினி. அதான் நடந்தது. ஒரு நாள் பேசினத வச்சுக்கிட்டு அவன் என்னைக்கும் அப்படியேதான் இருந்திருப்பான்னு நீங்க எப்படிச் சொல்ல முடியும்?"

அவன் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். விமலன் உயிரோடு இருந்திருந்தால் இன்னும் ஒரு தடவை சண்டை போட்டிருப்பார்கள், இன்னும் ஒரு தடவை சமாதானமாகியிருப்பார்கள். என்ன முடிவுக்கு வந்திருப்பார்களோ. அந்த நினைப்பே அவளுக்கு ஆத்திரத்தைக் கொடுத்தது. யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல் எதிரில் இருந்தவனிடம் பட்டாள்.

"உயிரோட இருந்தப்போ அவர்கிட்ட உங்களால வாங்க முடியல" என்றாள். "செத்துப்போனது உங்களுக்கு சுலபமாப் போச்சு."

பிரவின் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முகத்தில் கோபம் இல்லை. அடிபட்டவன் எங்கே அடிபட்டது என்று தேடுகிற மாதிரி இருந்தது. எழுந்து, கல்லாவில் காசைக் கொடுத்துவிட்டு, மழையில் இறங்கிப் போனான். காரை எங்கே நிறுத்தியிருந்தானோ, வெகுதூரம் நனைந்துகொண்டே நடந்தான்.

மறுநாள் அவள் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். கையெழுத்துப் போட விருப்பமில்லை என்ற ஒரே வரி. காரணம் எழுதவில்லை. நன்றி தெரிவித்து, தங்கள் முடிவை மதிக்கிறோம் என்று யாரோ பதில் போட்டார்கள்.

அத்தோடு மெரந்தி பழையபடியே இருந்துவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். கம்பெனி வேறு வழி வைத்திருந்தது. சம்மதிக்காதவர் எழுதியதை மட்டும் எடுத்துவிட்டு, அதையே புதிதாக எழுதிக்கொள்ளலாம். ஆனால் பழையதைப் பார்த்தவர்கள் எழுதக் கூடாது. பார்த்து எழுதினால் வழக்கு வரும். விமலனின் வரிகளை ஒரு நாளும் பார்த்திராத இரண்டு பேரை வேறொரு நாட்டில் பிடித்து உட்கார வைத்தார்கள். விமலனுக்கு நாலு வருஷம் எடுத்தது. அவர்கள் சில மாதங்களில் முடித்துவிட்டார்கள்.

இதெல்லாம் அவளுக்குப் பிரவின் போனில் சொல்லித்தான் தெரியும். லிட்டில் இந்தியாவுக்குப் பிறகு அவன் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். அவள் அலுவலகத்தில் இருந்தாள். வெளியே ஒரு கண்டெய்னர் லோரி பின்வாங்கிக்கொண்டிருந்த சத்தத்தில் முதலில் சரியாகக் கேட்கவில்லை.

"இன்னைக்கு எடுத்துட்டோம்" என்றான். "வேற யாரும் சொல்லி உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு கூப்பிட்டேன்."

"எத?"

"அவன் எழுதினத. மொத்தத்தையும். புதுசு தயாராயிடுச்சு. அவன் எழுதினது எந்த எந்த இடம்னு எனக்குத்தான் தெரியும், அதனால எடுக்கற வேலைய எங்கிட்டயே கொடுத்தாங்க."

அவள் கையிலிருந்த பத்திரங்களை மேசையில் வைத்தாள்.

"சில இடத்துல நானும் அவனும் சேர்ந்து உக்காந்து எழுதினது. எது அவனுது, எது என்னுதுன்னு பிரிக்கத் தெரியல. அதனால என்னுதையும் சேத்து எடுத்துட்டேன்."

"பிரவின்."

"பழைய வெர்ஷன் நெட்ல இருக்கும். யாரும் தடுக்க முடியாது. யாருக்கு வேணுமோ எடுத்துக்கலாம்." அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "நன்றிப் பக்கத்துல பேரு வராது. அவன் எழுதினது இல்லாம பேரு மட்டும் போட முடியாதுன்னுட்டாங்க. அங்கிள்கிட்ட நான் சொல்லிடறேன். உங்களுக்கு வேண்டாம் அந்தக் கஷ்டம்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவள் வார்த்தை தேடினாள். அதற்குள் அவன் வைத்துவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தபோது நாகையா கதவைத் திறந்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். குழம்புப் பாத்திரத்தை அவள் அடுப்பின் மேல் வைத்தாள்.

"பிரவின் வந்துட்டுப் போனான்" என்றார். "ஏம்மா போடல? போட்டிருந்தா அவன் பேரு இருந்திருக்கும். சிங்கப்பூர்லயும் எங்கெங்கயோவும் இருந்திருக்கும். நான் என்ன, காசா கேட்டேன்? ஒரு பேரு."

இனி மறைத்துப் பயனில்லை என்று அவள் அந்தத் தோசைச் சண்டையைச் சொன்னாள். விமலன் சொன்ன வார்த்தைகளை அவன் சொன்ன மாதிரியே சொன்னாள். நாகையா முழுவதும் கேட்டார்.

"அன்னைக்கு நான் பேனாவ எடுத்தப்போ இதெல்லாம் உனக்குத் தெரியும்."

"தெரியும் மாமா."

"பக்கத்துலதான் நின்னே."

"பிரவின உங்க முன்னால பொய்யனாக்க வேண்டாம்னு பாத்தேன்."

"அதுக்குப் பதிலா என்னைய என்ன ஆக்கிட்ட பாரு" என்றார் அவர். சத்தம் உயரவே இல்லை. "எம் பையன் வேண்டாம்னு சொன்னதுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஊதி ஊதிப் போட்டேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா கீழ வச்சிருப்பேனே, ஷாமினி."

அவள் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். தான் விமலனுக்காக ஒன்றைக் காப்பாற்றியதாக அதுவரை ஒரு மூலையில் நினைத்திருந்தாள். அவருக்கு என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது. அவர் அவள் தலையில் கை வைக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ரயில்கள் ஸ்டேஷனுக்குள் வருவதும் போவதுமாக இருந்தன. குழம்பு ஆறிப்போனது. அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை.

அவள் பிரவினுக்கு ஒரு செய்தி எழுதினாள். எழுதி, அழித்து, கடைசியில், 'அன்று கிள்ளானில் நான் சொன்னது பெரிய தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பினாள். பரவாயில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மறுநாள் பதில் வந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

வருஷத் திதி பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் நடந்தது. விமலனுக்குப் பிடித்த நண்டுப் பிரட்டலும் ரசமும் வைத்துப் படைத்தார்கள். அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் வந்து கும்பிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள். பிரவின் வரவில்லை. வேலை விஷயமாக வெளியூரில் இருப்பதாக நாகையாவுக்குச் சொல்லியிருந்தான். அது உண்மையா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"பிரவினுக்கும் ஒரு இலை போட்டு வச்சேன்" என்றார் நாகையா, எல்லோரும் போன பிறகு. இலையில் சோறு அப்படியே இருந்தது. அதை எடுத்து மூடி வைக்கப் போன ஷாமினியிடம் கேட்டார்:

"அந்தப் பழசு, எம் பையன் எழுதினது, இப்ப யாராச்சும் வச்சிருக்காங்களா?"

மெரந்தியின் பழைய வெர்ஷனை வேறு பெயரில் தொடர்ந்து நடத்தப் பார்ப்பதாக வெளிநாட்டிலிருந்து இரண்டு மூன்று பேர் அவளுக்கு எழுதியிருந்தார்கள். அவள் கையெழுத்துப் போடாததற்கு நன்றி சொல்லியிருந்தார்கள். ஆரம்பத்தில் அடிக்கடி ஏதாவது எழுதுவார்கள். பிறகு குறைந்துபோனது. கடைசியாக எழுதியவர், தனக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, முன்போல நேரம் இல்லை என்று எழுதியிருந்தார். பழைய வெர்ஷனை வைத்திருந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாறிக்கொண்டிருந்தன.

"கொஞ்சப் பேர் வச்சிருக்காங்க மாமா" என்றாள்.

"நல்லா ஓடுதாமா?"

"ஓடுதாம்."

அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா, அவளுக்காக ஆட்டினாரா என்று தெரியவில்லை. மிச்சமிருந்த நண்டை ஒரு டப்பாவில் போட்டு, நாளைக்கு வைத்துக்கொள் என்று அவள் பையில் வைத்தார். அடுத்த வாரம் வருவாயா என்று கேட்கவில்லை. அவளும் வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். அவர் சோறு வடித்து வைத்திருப்பார். மழையைப் பற்றியும், மீன் விலையைப் பற்றியும், கீழ்த்தளத்தில் மாற்றிய தண்ணீர்க் குழாயைப் பற்றியும் பேசிக்கொண்டு சாப்பிடுவார்கள். விமலனைப் பற்றிய பேச்சு வாய்வரை வரும். யார் முதலில் தொடங்குவது என்று இருவரும் காத்திருப்பார்கள். பிறகு அவள் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு, கிள்ளான் ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிடுவாள்.